ஜவ்வாது மலையின் குப்பையை யார் எடுப்பது?

2025 ஆகஸ்ட் மாதத்தில் பதின்மூன்று நாள் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் விட மாநகராட்சி மன்றம் அந்த ஆண்டு ஜூனில் தீர்மானம் போட்டது. பத்தாண்டு ஒப்பந்தம், ஏறத்தாழ 2,300 கோடி ரூபாய். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பெயரில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்தத் தெருக்களைப் பெருக்கிவந்த ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இனி நிறுவனத்தின் ஆட்களாக மாற வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாநகராட்சியிடம் நாளுக்கு 753 ரூபாய், அதாவது மாதம் 22,590 ரூபாய் என்ற கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் புதிய இடத்தில் பேசப்பட்ட சம்பளம் 17 ஆயிரத்துக்கும் கீழே. ஆகஸ்ட் 13 அன்று, நடைபாதையையும் சாலையையும் மறிக்கக் கூடாது என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை அப்புறப்படுத்த உத்தரவிட்டது; அன்றிரவே கைது நடந்தது. மறுநாள் அமைச்சரவை கூடி, காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. 20ஆம் தேதி, தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்த நீதிமன்றம், கடைசியாக வாங்கிய ஊதியம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது.

இதற்கும் ஜவ்வாது மலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சென்னை பல ஆயிரம் டன் குப்பையோடு திணறும் நகரம். இங்கே ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியத்தில் இருப்பது பதினொரு ஊராட்சிகள். காட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள், சாமை, ராகி, மாடு, தேன், புளி என்று ஓடும் வாழ்க்கை. ஆனால் சென்னையில் எழுந்த கேள்வி மலைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டு வாசலில் சேரும் குப்பையை எடுப்பது யாருடைய கடமை, அந்த வேலையைச் செய்பவர் யாருடைய ஆள், அதற்கான பணத்தை யார் கொடுப்பது? இந்த மூன்றுக்கும் இப்போதே நல்ல பதில் தேடிக்கொண்டால், சமவெளி நகரங்கள் கால் நூற்றாண்டாக மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலுக்குள் மலை போய் விழாமல் இருக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குப்பை எடுப்பது ஊராட்சியின் நேரடிப் பொறுப்பாக இருக்க வேண்டும். எடுப்பவர் அந்த ஊர்க்காரராக, நிலையான நல்ல சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். மலைக்கு வெளியிலிருந்து பொருளைக் கொண்டுவந்து விற்பவர் அதன் மிச்சத்தைக் கீழே இறக்கும் செலவை ஏற்க வேண்டும். இது இரக்கத்தால் மட்டும் சொல்வதல்ல. குப்பை உண்மையில் எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்த்தால் வேறு வழி தெரியவில்லை.

குப்பை மேலாண்மையின் உயிர்நாடி பிரிப்பதில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. இந்தப் பிரிப்பு நடக்க வேண்டிய இடம் வீட்டு வாசல். அங்கே தவறிவிட்டால் பிறகு எவ்வளவு பெரிய இயந்திரத்தை வைத்தாலும் சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு மாதிரி ஒரு மேடுதான் மிஞ்சும். சோற்றுத் தண்ணீரில் ஊறிய காகிதத்தைக் காயலான் கடைக்காரர் வாங்க மாட்டார். கண்ணாடிச் சில்லு கலந்த காய்கறித் தோலை எந்த உழவரும் எருவாகப் போட மாட்டார். வாசலில் பிரிப்பை நடத்திவைப்பது சட்டமோ சுவரொட்டியோ அல்ல. தினமும் அல்லது வாரத்துக்கு இருமுறை வரும் ஒரு மனிதர், "இதையும் அதையும் கலக்காதீங்கம்மா" என்று சொல்லி, அடுத்த முறை வரும்போது பார்த்து, மறுபடி சொல்லி, மெல்ல மெல்ல ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறார். அவர் மாதா மாதம் மாறினால் பழக்கம் உண்டாகாது. அவருக்கே அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதபோது, அடுத்தவர் வீட்டுக் கூடையைப் பற்றிப் பேசும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்?

சென்னையின் ஒப்பந்த வரலாறு இதைத்தான் காட்டுகிறது. 2000ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. 2007இல் நீல் மெட்டல் பனால்கா, 2012இல் ராம்கி, 2020இல் அர்பேசர் சுமீத். ஒவ்வொரு முறையும் புது வண்டி, புதுச் சீருடை, புது வாக்குறுதி. பழைய ஒப்பந்தங்கள் அள்ளும் எடைக்குப் பணம் தருபவை. டன் கணக்கில் காசு வரும்போது குப்பை குறைவது நிறுவனத்துக்கு நட்டம். ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்குங்கள் என்று ஒரு பணியாளர் சொன்னால் அவர் தன் முதலாளியின் வருமானத்தைக் குறைக்கிறார் என்று பொருள். இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் எதற்குக் காசு தருகிறதோ அதுதான் பெருகும். நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும்: 2020க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் எடைக் கணக்கை விட்டுவிட்டுப் பணியின் தரத்தை அளவுகோலாக வைத்தார்கள். அது முன்னேற்றம்தான். ஆனால் தரத்தை அளக்க அதிகாரி வேண்டும், பதிவேடு வேண்டும், அபராதம் போடும் துணிச்சல் வேண்டும். அதற்கெல்லாம் மேல், பணியாளரின் சம்பளத்தைக் குறைத்து மிச்சப்படுத்தும் வழி நிறுவனத்துக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. ராயபுரத்தில் பேசப்பட்ட சம்பளம் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். திறமை கூடியதால் மிச்சப்பட்ட பணம் என்று அதைச் சொல்ல முடியுமா? ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கைவைத்து மிச்சப்படுத்தும் பணம் அது.

ஒழுங்கமைப்பே வேண்டாம், அவரவர் ஏற்பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நல்ல பாடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரம். 2018 அக்டோபர் வரை அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனக்குப் பிடித்த நிறுவனத்தோடு தனியே பேசிக் குப்பையை அனுப்பிவந்தார். ஒரே சந்துக்குள் பல நிறுவனங்களின் லாரிகள் போய்வந்தன. நகர மன்றம் நிறுவனங்களின் கூட்டமைப்போடு ஒப்பந்தம் போட்டு, பகுதிக்கு ஒருவர் என்று ஒழுங்கு செய்தது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. குறைவாகக் குப்பை போடுகிறவருக்கும் கட்டாயக் கட்டணமா, பக்கத்து வீட்டாரோடு தொட்டியைப் பகிர்ந்துகொள்ள ஏன் அனுமதி இல்லை என்று கேட்டார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுப் பொதுவாக்கெடுப்பு கேட்டார்கள். மன்றம் மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது. 2019 நவம்பரில் நடந்த அந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் ஒழுங்கமைத்த ஏற்பாடே தொடரட்டும் என்றார்கள். எனக்கு இதில் இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. அவரவர் பாடு என்று விட்டு வாழ்ந்து பார்த்த மக்களே, மாற்றத்தின் எரிச்சலையெல்லாம் தாண்டி, பொது ஏற்பாட்டின் பக்கம் நின்றார்கள். எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானது: குறைவாகக் குப்பை போடுகிறவரை ஏன் தண்டிக்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு மலையில் விடை சொல்லியே ஆக வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

பூனாவில் இன்னொரு வழி கிடைத்தது. அங்கே தெருவில் பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் 1993இல் காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்த ஸ்வச் கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகப் போகத் தொடங்கியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணத்தை அவர்களிடமே கொடுக்கிறார். பிரித்தெடுக்கும் பொருளை விற்கும் காசும் அவர்களுக்கே. பிரித்தால் அவர்களுக்கு வருமானம் என்பதால் பிரிப்பு நடக்கிறது. அங்கேயும் தகராறு இல்லாமல் இல்லை. 2020 முடிவில் ஒப்பந்தக் காலம் தீர்ந்தபோது தனியாரிடம் விடலாம் என்ற பேச்சு எழுந்தது. குடியிருப்போர் பலர் தங்கள் தெருவுக்கு வரும் பெண்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். எந்த நிறுவனத்தின் லாரிக்காக மக்கள் அப்படி வந்து நின்றிருக்கிறார்கள்? வாசலுக்கு வரும் மனிதரோடு உண்டாகும் பழக்கம் எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்களைக் கொண்டு இயங்கும் ஹரித கர்ம சேனையும் இதே திசையில்தான் போகிறது. வீட்டில் மக்கும் குப்பையை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ள, மக்காததை மட்டும் கட்டணத்தோடு அவர்கள் எடுத்துப் போகிறார்கள். இடுக்கி போன்ற மலை மாவட்டங்களிலும் இது நடக்கிறது. கட்டணத்தைக் கட்டாயமாக்கியபோது அங்கேயும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் ஏற்பாடு நிற்கிறது.

இப்போது மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையில் ஒரு குடியானவர் வீட்டில் அன்றாடம் சேரும் மக்கும் குப்பைக்கு எந்த வண்டியும் வரத் தேவையில்லை. கழுநீரும் தோலும் மாட்டுக்குப் போகின்றன, மிச்சம் எருக்குழிக்குப் போகிறது, எரு சாமைக் கொல்லைக்குப் போகிறது. இந்த வேலையை மாநகராட்சிகள் கோடிகள் கொட்டி நுண் உர மையங்கள் கட்டிச் செய்யப் பார்க்கின்றன. மலையின் வீடுகளைத் திணறவைப்பது வேறு குப்பை. தின்பண்ட உறை, ஷாம்பு பாக்கெட், பால் கவர், தண்ணீர் பாட்டில், குழந்தைக்கான டயப்பர், நாப்கின், மாத்திரை அட்டை, டார்ச் லைட்டின் பேட்டரி, பூச்சிமருந்து டப்பா. ரேஷன் கடையில் அரசே மாதா மாதம் கொடுக்கும் ஒரு லிட்டர் பாமாயிலின் பாக்கெட்டையும் இதில் சேருங்கள். இவற்றில் ஒன்றுகூட மலையில் விளைந்ததல்ல. எல்லாம் போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் வழியாக மேலே ஏறியவை. ஏற்றிவிட வண்டி இருக்கிறது. இறக்க யாரும் இல்லை. பல அடுக்குத் தின்பண்ட உறைக்குக் காயலான் கடையிலும் விலை இல்லை. ஆகவே அது வீட்டின் பின்னால் எரிகிறது, அல்லது ஓடையில் இறங்குகிறது. எரித்தால் வரும் நச்சுப் புகை முதலில் போவது அடுப்படியில் இருக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும். கோடையில் காய்ந்த காட்டின் ஓரத்தில் நெருப்பு வைப்பது எவ்வளவு ஆபத்து என்று மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஓடையில் இறங்கினால் அது மலையோடு நிற்காது. செய்யாறும் கமண்டல நாகநதியும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. மேலே எறியும் உறை கீழே செண்பகத்தோப்பு அணைக்கும் ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் போகிறது. மலையின் குப்பையை மலைக்காரர் பிரச்சினை என்று திருவண்ணாமலை மாவட்டத்தின் சமவெளி ஒதுக்கிவிட முடியாது.

"இவ்வளவு கொஞ்சக் குப்பைக்கு ஏற்பாடு எதற்கு, வண்டி எதற்கு, ஆள் எதற்கு?" இது முதல் ஆட்சேபம். கொஞ்சமாக இருக்கும்போதுதான் ஏற்பாடு மலிவு. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததை இன்று தோண்டிப் பிரிக்க நூற்றுக்கணக்கான கோடி செலவாகிறது. மலையில் அப்படிக் குவித்துவைக்க இடமும் கிடையாது, சுற்றிலும் காப்புக்காடு. ஆகவே குப்பைக் கிடங்கு என்ற யோசனையையே மலை தொடக்கத்தில் தள்ளிவிட்டாக வேண்டும். இங்கே வேண்டியது மக்காத குப்பையை மட்டும், காய்ந்ததாக, கட்டாகக் கட்டி, குறித்த நாளில் கீழே இறக்கும் ஏற்பாடு. ஈரம் இல்லாததால் நாற்றம் இல்லை, தினம் வர வேண்டியதும் இல்லை. மாதம் இரண்டு முறை போதும். இவ்வளவு எளிமையாக இந்த வேலையை எந்த நகரத்தாலும் செய்ய முடியாது, மலையால் முடியும்.

யார் செய்வது? தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஏற்கெனவே தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். மாநிலம் முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல். ஏறத்தாழ 150 வீட்டுக்கு ஒருவர் என்பது கணக்கு. அவர்களின் மாத மதிப்பூதியம் 2023இல்தான் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சமவெளியில் 150 வீடு என்றால் நாலைந்து தெரு. தள்ளுவண்டியோடு ஒரு காலைப் பொழுதில் முடியும். மலையில் 150 வீடு என்றால் பல ஊர், ஏற்றம் இறக்கம், மழைக்காலத்தில் வழுக்கும் பாதை. அதே கணக்கை இங்கே வைத்துவிட்டு வேலை நடக்கவில்லை என்று குறைசொல்வது நியாயமே இல்லை. மலை ஊராட்சிகளுக்கு ஊர் எண்ணிக்கையையும் தூரத்தையும் வைத்து ஆள் கணக்கிட வேண்டும். 5,000 ரூபாய் ஒரு மாதச் சம்பளம் என்று சொல்லத் தகுந்த தொகையும் அல்ல. சென்னைப் பணியாளர்கள் எந்தச் சம்பளத்தைக் காப்பாற்றப் போராடினார்களோ அதில் கால் பங்குகூட இல்லை. நாப்கினையும் டயப்பரையும் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறோம். அவற்றை ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கையில் கூச்சமில்லாமல் கொடுக்க வேண்டும் என்றால், வாங்குபவர் அதே ஊர்ப் பெண்ணாக, தெரிந்த முகமாக, மதிப்பான வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். வெளியூர் வண்டியில் வரும் அறிமுகமில்லாத ஆளிடம் அது நடக்காது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்று இருக்கிறது. சமவெளியில் குப்பை அள்ளும் வேலை சாதியோடு பிணைந்து கிடக்கிறது. அருந்ததியர் உள்ளிட்ட சில சமூகங்களின் தலையில் அது தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்டதால்தான் அந்தச் சம்பளத்தைப் பற்றி ஊர் கவலைப்படாமல் இருக்கிறது. ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்களின் கோபத்துக்கு அடியில் இருந்ததும் இதுதான். ஜவ்வாது மலையில் மிகப் பெரும்பான்மை மலையாளிப் பழங்குடி மக்கள். சமவெளியைப் போல இந்த வேலையை ஒரு சாதிக்கென ஒதுக்கிவைக்கும் அமைப்பு இங்கே வேரூன்றவில்லை. இப்போது ஏற்பாடு செய்யும்போது கவனமாக இல்லாவிட்டால், குறைந்த சம்பளத்துக்குக் கீழிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, அந்த இழிவையும் சேர்த்து மலைக்கு ஏற்றிவிடுவோம். நல்ல சம்பளமும் கையுறையும் காலணியும் மருத்துவக் காப்பீடும் கொடுத்து, மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் உள்ளூர்ப் பெண்களின் வேலையாக்கினால், கிராமச் செவிலியரைப் போல, சத்துணவு அமைப்பாளரைப் போல மரியாதையுள்ள ஒரு பொதுப்பணியாக அது இங்கே பிறக்கும். நகரங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

தனியாரிடம் விட்டால் செலவு குறையாதா என்பது அடுத்த ஆட்சேபம். மலையில் இதற்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். நகரத்தில் ஒப்பந்தக்காரர் லாபம் பார்ப்பது வீடுகள் நெருக்கமாக இருப்பதால். இங்கே ஒரு வீட்டிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் டீசல் செலவு குப்பையின் மதிப்பைப் போலப் பல மடங்கு. அதை ஏற்று வருபவர், சாலை ஓரத்தில் இருக்கும் ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவையும் படகுக் குழாம் பக்கத்தையும் மட்டும் எடுத்துவிட்டு உள்ளூர்களை விட்டுவிடுவார். அவரைத் திட்டியும் பயனில்லை, காசு அங்கேதான் இருக்கிறது. எளிதான இடங்களின் வருமானத்தையும் கடினமான ஊர்களின் செலவையும் ஒரே கையில் வைத்திருந்தால்தான் எல்லா ஊருக்கும் சேவை போய்ச்சேரும். அந்தக் கை பொது அமைப்பாகத்தான் இருக்க முடியும்.

பணத்துக்கு என்ன வழி? செயின்ட் பால் மக்கள் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது. ஒரு மாதத்துக்கு ஒரு பை நிறைய உறை கூடச் சேராத குடும்பத்திடம் கட்டணம் கேட்பது அநியாயம். மலையின் குடும்பங்களிடம் வீட்டுக் கட்டணமே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டிருந்தது; குப்பை மேலாண்மை அதற்குள் வந்தது. அப்படிப்பட்ட மானியத்துக்கு மேல் வேண்டியதை மலைக்குக் குப்பையைக் கொண்டுவருபவர்களிடம் வாங்கலாம். பீமன் அருவிக்கும் கோடை விழாவுக்கும் வரும் வண்டிகள், தங்கும் விடுதிகள், கடைகள் ஆகியோரிடம் வாங்கும் தொகை நேராகத் தூய்மைக் காவலர் சம்பளத்துக்குப் போகட்டும். பிளாஸ்டிக் உறை தயாரிப்பவர்களே அதைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் 2022இல் வந்த வழிகாட்டுதலும் சொல்கின்றன. அந்தப் பொறுப்பை நிறுவனங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே கணக்குக் காட்டி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. மலை உறைகளை இறக்கும் செலவில் அவர்களின் பங்கை மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்க வேண்டும்.

பொருளுக்கு மதிப்பு கொடுத்தால் அது திரும்பும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. யானைகளின் காலைக் கிழிக்கும் மதுபாட்டில்களைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. காட்டில் கிடக்க வேண்டிய பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி கடைக்குத் திரும்பிவந்தது. திட்டம் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. பத்து ரூபாய்க்காக யார் திரும்ப வருவார் என்று தொடக்கத்தில் சந்தேகப்பட்டவர்களுக்கு நீலகிரியின் காடு பதில் சொல்லிவிட்டது. இதே முறையைத் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானப் பாட்டிலுக்கும் மலையில் கொண்டுவரத் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. ரேஷன் பாமாயில் பாக்கெட்டை அதைவிட எளிதாகச் செய்யலாம்: அடுத்த மாதப் பொருளை வாங்க வரும்போது கழுவிக் காயவைத்த பழைய பாக்கெட்டைக் கடையில் போடட்டும். மாதா மாதம் மூட்டைகளோடு மேலே வரும் லாரி இறங்கும்போது காலியாகத்தானே இறங்குகிறது? உணவுப் பொருள் ஏற்றும் வண்டியில் குப்பையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படியென்றால் குளிர்பான, தின்பண்ட விநியோக வண்டிகள் இருக்கின்றன; அவையும் காலியாகவே இறங்குகின்றன, அவை இறக்கியதன் மிச்சத்தையே திரும்ப ஏற்றலாம்.

கடைசியாக ஒரு கடினமான ஆட்சேபம்: ஊராட்சிகளால் இதைச் செய்ய முடியுமா? எத்தனை ஊராட்சிகளில் பேட்டரி வண்டி வாங்கிய சில மாதத்தில் கொட்டகையில் துருப்பிடிக்கிறது, பிரிப்புக் கூடம் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறையைப் பற்றி யாரிடம் கேட்பது என்பது குறைந்தபட்சம் தெரியும். ஒப்பந்தம் வந்துவிட்டால் ஊராட்சி நிறுவனத்தைக் காட்டும், நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டும். ஜவ்வாது மலையில் இன்னொரு விசித்திரமான சிக்கலும் சேர்ந்திருக்கிறது. மலையின் பெரும்பகுதி திருவண்ணாமலை மாவட்டம். புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு ஆகியவை திருப்பத்தூர் மாவட்டம். திருவண்ணாமலைப் பக்க ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. திருப்பத்தூர்ப் பக்கத்துக்குத் தேர்தல் நடந்ததே 2021 அக்டோபரில். ஒரே மலை, ஒரே மக்கள், ஒரே ஓடை. ஒரு பக்கம் பதவிக்காலம் தீர்ந்த பின்னும் மறுபக்கம் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இருந்தார்கள். சென்னையில் மன்றம் போட்ட தீர்மானம் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், அதை எதிர்த்து நிற்க ஒரு வாசல் இருந்தது, எதிர்த்துப் பேச உறுப்பினர்கள் இருந்தார்கள், வழக்குப் போடத் தீர்மானத்தின் நகல் இருந்தது. செயின்ட் பாலில் வாக்கெடுப்பே நடந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் குப்பை ஏற்பாடு ஒரு கோப்பில் கையெழுத்தாகி வந்துவிடும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதால் வரும் கேட்டை நாம் பெரிய அரசியல் கேள்வியாக மட்டும் பார்க்கிறோம். வீட்டு வாசலின் பாக்கெட்டை யார் எடுப்பார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வழக்கமாக அங்கே தூய்மை பற்றி ஓர் உறுதிமொழி வாசித்துக் கலைந்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதக்கூடியவை இருக்கின்றன. நம் ஊராட்சியில் எத்தனை ஊர், ஒவ்வொன்றுக்கும் தூய்மைக் காவலர் யார், அவருக்குக் கடைசியாகச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, மலை ஊராட்சிக்குத் தனி ஆள் கணக்கு வேண்டும் என்ற கோரிக்கை, மக்காத குப்பை எந்த நாளில் கீழே இறங்கும், எந்த இடத்துக்குப் போகும், ஊராட்சியின் சம்மதம் இல்லாமல் இந்த வேலையை வெளி ஒப்பந்தத்துக்கு விடக் கூடாது. இறங்கும் நாளையும் காவலரின் பெயரையும் சம்பளத் தேதியையும் ரேஷன் கடைச் சுவரில் பெயின்டில் எழுதிவைக்கலாம். மாதம் ஒருமுறையாவது எல்லாக் குடும்பமும் வந்து நிற்கும் சுவர் அது. இரண்டு மாவட்டத்து ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு இரண்டு ஆட்சியர்களுக்கும் அனுப்பினால், கீழே இறங்கும் வண்டி ஆலங்காயம் வழியா போளூர் வழியா என்பதையும் அவர்களே கூடிப் பேசி முடிக்கலாம்.